தோதவர் குடிவழியும் ரிவர்ஸ் என்னும் ஆராய்ச்சியாளரும்

(நமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது குலத்துக் குடும்பங்களின் வமிசாவளிகளைத் திரட்டி ஒரு நூலாக வெளியிடுவதென்று சங்கத்தார் தீர்மானித்திருப்பது யாவரும் அறிந்ததே. அவ்வேலை தொடங்குமுன் அதனைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசியார் எம்மைப் பணித்தார். வமிசத்தின் பெருமையைப் பேசுவது எளிது; கேட்போர்க்கும் இனிது. ஆயினும் யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. வமிசாவளி சேகரிப்பதையே ஒரு சாஸ்திர முறையாக்கிய அறிஞர் ஒருவர், நீலகிரி மலைமேல் வந்து தங்கி, தோதவர் என்னும் சிறு குடியினரின் மரபுவழிகள் எல்லாவற்றையும் ஏட்டில் ஏற்றினார். அவர் யார், யாரைக் கேட்டார், எவர் நாவழியாகக் கேட்டார், எது அவர் செவிக்கு எட்டிற்று, எது எட்டாமற்போயிற்று என்பவற்றை ஆராய்வதே இன்றைய பேச்சு. அவர் பெயர் வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ். ரிவர்ஸ் என்பது இருமுறை வருவது அச்சுக்கோப்பவர் பிழையன்று. அவருக்கு இட்ட பெயரே அதுதான்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னைக் காட்சிச்சாலையின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன், ரங்காச்சாரியார் துணையோடு 1909-ஆம் ஆண்டு ஏழு தொகுதிகளாக வெளியிட்ட குலங்கள், குடிகள் பற்றிய நூலை நம்மவருட் பலர் புரட்டியிருப்பர். புரட்டியவுடன் நம் குலப்பெயர் வரும் பக்கத்தைத் தேடுவது வழக்கம். ஒரு வரி ஏற்றமாயிருந்தால் அதனைச் சட்டமிட்டு மாட்டுவர். மறுவரி தாழ்வாயிருந்தால் நூலாசிரியரை வைவர். இரு சாராரும் கேளாத கேள்வி ஒன்றுண்டு: இதனை அவருக்குச் சொன்னவர் யார்? எந்த ஊரார்? அவர் நம்மவரா, அயலாரா? ஏழு தொகுதிகளையும் தேடினாலும் பெரும்பாலான வரிகளுக்கு இதற்கு விடை கிடைக்காது. ரிவர்ஸ் எழுதிய நூலிலோ விடை கிடைக்கிறது. ஆதலின் அவரைக்கொண்டு அக்கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்ளலாம் என்று எண்ணினோம்.

ரிவர்ஸ் 1864-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12-ஆம் நாள் இங்கிலாந்து தேசத்தின் கெண்ட் பகுதியில் பிறந்தார். தந்தையார் ஹென்றி ரிவர்ஸ் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர். திக்குவாய் திருத்தும் கலையும் வல்லவர். தாய்மாமன் ஜேம்ஸ் ஹண்டும் அக்கலையினரே. அவர் 1863-இல் இலண்டனில் மானிடநூற் கழகம் ஒன்றை நிறுவி, கறுப்பு மக்கள் இயல்பிலேயே தாழ்ந்தவர் என்று வாதித்தவர். குழந்தைகளுக்கு ஆலிஸ் கதை எழுதிய லூயிஸ் காரல் தம் திக்குவாய்க்குப் பயிற்சி தேடி இக்குடும்பத்தாரிடம் வந்ததுண்டு. இத்தனை பேருடைய நாவைத் திருத்திய இல்லத்திற் பிறந்த ரிவர்ஸுக்கே திக்குவாய் இருந்தது என்பது விதியின் விளையாட்டுப் போலும். தாம் விரைந்து பேசமாட்டாதவர் பிறர் பேசி முடிக்கும்வரை பொறுத்துக் கேட்பார் என்பது எம் ஊகம். அவர் பிற்காலத்தில் செய்த தொழில்கள் இவ்வூகத்துக்கு இடந்தருகின்றன.

இலண்டனில் செயிண்ட் பார்தலோமியு மருத்துவசாலையிற் பயின்று, 1886-இல் வைத்தியப் பட்டம் பெற்று, கப்பல் வைத்தியராகக் கடல்மேல் அலைந்து, பின்னர்க் கண், செவி முதலிய பொறிகளின் இயல்பை ஆராய்பவராகி, 1893-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் போதகராக அமர்ந்தார். அதுவரையில் மானிடநூலுக்கும் அவருக்கும் யாதொரு தொடர்புமில்லை.

அத்தொடர்பு 1898-இல் உண்டாயிற்று. ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினித் தீவுக்கும் இடையே டாரஸ் என்னும் நீரிணை உளது. அதிலுள்ள தீவுகளுக்கு ஹேடன் என்பார் தலைமையில் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு கூட்டத்தார் புறப்பட்டனர். நாகரிகமற்றவர் என்று அக்காலத்தார் கூறிய மக்களுக்கு விலங்குகளைப் போன்ற கூரிய கண்ணும் செவியும் உண்டு என்னும் கருத்து ஐரோப்பாவில் பரவியிருந்தது. அதனைக் கருவிகொண்டு சோதிப்பது ரிவர்ஸின் பொறுப்பு. சோதித்தார். தீவினரின் கண்ணாற்றல் ஐரோப்பியரினும் வியக்கத்தக்கவாறு மிக்கதன்று. கடலும் மீனும் பழகிய கண் பழகியதை விரைவிற் காண்கிறது, அவ்வளவே என்பது தெளிந்தது. தாய்மாமன் கூறிவந்த கொள்கைக்கு மருகன் செய்த சோதனை அடிகோலவில்லை. ஆயினும் நீலநிறத்துக்குத் தனிச்சொல் அவர்களிடம் இல்லாமைகண்டு, நீலத்தை அறியும் உணர்ச்சியே அவர்க்குக் குறைவு என்று முடிவு கூறினார். சொல்லில்லாமை வேறு, பார்வையில்லாமை வேறு என்று பின்வந்தோர் அதனை மறுத்தனர். தமிழில் பச்சை என்னும் சொல் எத்தனை பொருளுக்கு ஓடுகிறது என்பதை நினைப்போர்க்கு அம்மறுப்பு எளிதில் விளங்கும்.

கண்சோதனை செய்தபோது, இவ்வாற்றல் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதா என்று அறிய விரும்பி, யார் யாருக்கு மகன் என்று குறிக்கத் தொடங்கினார். குறிக்கக் குறிக்க அவருக்கு வியப்பு மேலிட்டது. எழுத்தறியாத தீவினர் மூன்று நான்கு தலைமுறைகளைப் பெண்டு பிள்ளைகளோடு பிறழாமற் கூறினர். கண்சோதனைக்குத் துணையாக எடுத்த ஏடு, கண்சோதனையினும் பெரிதாயிற்று. 1900-இல் அதனை ஒரு முறையாக வகுத்து எழுதினார். 1910-இல் மேலும் விளக்கி எழுதினார். மானிடநூலார் இன்றளவும் அதனைக் கைக்கொள்கின்றனர்.

அம்முறை யாது? மிக எளியது. உறவுச் சொற்களில் ஐந்தாறை மட்டுமே கேள்விக்குப் பயன்படுத்துவது: தந்தை, தாய், கணவன், மனைவி, பிள்ளை. இவற்றிலும், பெற்ற தந்தை, பெற்ற தாய் என்று வற்புறுத்திக் கேட்பது. பிள்ளைகளை மூத்தவர் முதல் இளையவர் வரை வரிசையாகக் கேட்பது. ஒவ்வொருவருக்கும் ஊர், கூட்டம், மணந்த இடம் ஆகியவற்றைக் குறிப்பது. சித்தப்பன், மாமன், அத்தை முதலிய சொற்களை அட்டவணை முடிந்தபின்னரே கேட்பது; அப்பொழுதும், 'இந்தப் பெயருடையாரை நீர் எவ்வாறு அழைப்பீர்?' என்று ஆளைச் சுட்டிக் கேட்பது. இதன் அருமை நம்மனோர்க்கு உடனே புலப்படும். நம் வீடுகளில் ஒருவரை, 'உமக்கு அண்ணன் தம்பி எத்தனை பேர்?' என்று கேட்டுப் பாருங்கள். பெரியப்பன் மக்களையும் சிற்றப்பன் மக்களையும் சேர்த்து எண்ணி விடை சொல்லுவார். அவர் பொய் கூறவில்லை; நம் பாஷையில் அவர்கள் அண்ணன் தம்பியரே. வெளியூரார் ஒருவர் அவ்விடையை எழுதிக்கொண்டு போனால், ஒரு தாய்க்குப் பதினான்கு ஆண்மக்கள் என்று அச்சாகும்!

இன்னும் ஒன்று. டாரஸ் நீரிணையின் மர்ரே தீவிற் பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பது பெருவழக்கு. தன்னை ஈன்றவர் இன்னார் என்பது பிள்ளைக்குத் தெரியாதவாறு மறைப்பதும் அங்கு வழக்கு. ஆகவே வமிசாவளி கேட்பது அத்தீவில் ஒளிவு மறைவான காரியமாயிற்று. ஒருவரிடம் தனித்துக் கேட்டதை மற்றவர் முன் வெளியிடலாகாது. குடிவழிப் பட்டியல் என்பது பெயர்களின் வரிசை மட்டுமன்று, குடும்பங்களின் இரகசியப் பெட்டியும் ஆகும் என்பதை ரிவர்ஸ் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார். நம் சங்கத்து இளைஞர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் புறப்படுமுன் இதனைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

இனி நீலகிரிக்கு வருவோம். 1901-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 1902-இன் தொடக்கத்திலுமாகச் சில மாதங்கள் ரிவர்ஸ் அம்மலையில் இருந்தார். தோதவர் அப்போது எண்ணூறு பேர் அளவினரே. எருமை அவர்தம் செல்வம். எருமையின் பால் வெறும் உணவன்று. பால்மனைகளே அவர்க்குக் கோயில். பால் கறந்து கடைபவரே பூசகர். பால்மனைகளிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. மிக உயர்ந்தவற்றில் பணிசெய்பவர் மனைவியைப் பிரிந்து, பல விலக்குகளைக் காத்து வாழவேண்டும். உடன்பிறந்தார் பலர் ஒருத்தியை மணக்கும் வழக்கமும் அந்நாளில் அவர்களிடையே இருந்தது. இன்று அது மறைந்துபோயிற்று. இவ்வழக்கம் காரணமாக ஐரோப்பியர் பலர் அவர்களைக் காட்சிப்பொருளாக்கி எழுதிக்கொண்டிருந்தனர். ரிவர்ஸ் வேடிக்கை பார்க்க வரவில்லை. அவ்வழக்கத்தினுள்ளும் ஒழுங்கு உண்டென்று காட்டினார். கருவுற்ற பெண்ணுக்கு ஏறத்தாழ ஏழாம் மாதத்தில் கணவருள் ஒருவர், பெரும்பாலும் மூத்தவர், சிறு வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கு ஒன்றுண்டு. அவ்வாறு கொடுத்தவரே பிள்ளைக்குத் தந்தை. வேறொருவர் வில் கொடுக்கும்வரை பின்னர்ப் பிறக்கும் பிள்ளைகளும் அவருடையனவே. வில் கொடுத்தவர் இறந்த பின்னரும் அவ்வுரிமை தொடரலாம். தந்தை யார் என்பது ஐயமாகக் கிடக்கும் குடி என்று அயலார் நகைத்த இடத்தில், தந்தைமை ஊரறிய நிச்சயிக்கப்படுவதை அவர் கண்டார்.

ரிவர்ஸுக்குத் தோதவர் மொழி தெரியாது. கேட்ட யாவும் மொழிபெயர்ப்பாளரின் நாவைக் கடந்தே அவரிடம் வந்தன. அவர்க்கு மொழிபெயர்ப்பாளராய் உதவியவருள் சாமுவேல் என்பார் தோதவரிடையே மிஷன் ஊழியம் செய்துவந்த உபதேசியார். அவர் உண்மையுள்ளவர் என்று ரிவர்ஸ் நன்றி பாராட்டுகிறார், யாம் ஐயுறவில்லை. ஆயினும் ஒரு குடியினரை அவர்தம் தெய்வங்களிடமிருந்து திருப்ப முயன்றுவந்தவரே, அத்தெய்வங்களைப் பற்றிய மந்திரங்களையும் அவர்களிடம் வினவ நேர்ந்தது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். விடை சொல்லும் முதியவர் மனத்தில் யாது ஓடியிருக்கும்! நூலில் இத்தகைய செய்தி முன்னுரையில் ஒரு வரியாக வரும். படிப்போர் அதனைத் தாண்டிச் சென்றுவிடுவர். ஒருவரது ஆராய்ச்சி வாழ்க்கையை ஆராய்வோர் நிற்கவேண்டிய இடம் அவ்வரியே.

குடிவழி கேட்பதற்கும் தடை இருந்தது. மாண்டுபோன முன்னோரின் பெயரை அவர் வழியினர் வாயாற் சொல்லுவது தோதவர்க்குள் விலக்கு. ஆகவே ஒரு குடும்பத்தின் வழியை அக்குடும்பத்தாரிடம் கேட்க இயலாது. வேறு கூட்டத்தாரிடம் கேட்டறியவேண்டும். பின்னர் ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிடவேண்டும். நம்மவர்க்கு இது புதிதன்று. கணவன் பெயரைச் சொல்லாத பாட்டிமார் நம் வீடுகளில் இருந்தனர், பெயர் கேட்டால் பேரனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வர், பேரன் சொல்லுவான். ரிவர்ஸ் இவ்வாறு சுற்றுவழியாகவே 700 பேருக்கு மேற்பட்ட தோதவரை அட்டவணைப்படுத்தினார். உயிரோடிருந்தோர் ஏறக்குறைய எல்லாரும் அதில் அடங்குவர் என்றால், அப்பணியின் பெருமை சொல்லாமலே விளங்கும்.

இங்கே யாம் நின்று சொல்லவேண்டிய செய்தி ஒன்றுண்டு. தங்கள் புனிதச் சடங்குகளை ரிவர்ஸுக்குக் காட்டியவர்க்கும் சொன்னவர்க்கும் அவர் அங்கிருந்த காலத்திலேயே துன்பங்கள் நேர்ந்தன. ஒருவர் கொடிய நோய்வாய்ப்பட்டார். ஒருவர் மனைவியை இழந்தார். மற்றொருவர் ஊர்ப் பால்மனை தீக்கிரையாயிற்று. தோதவர் குறிகேட்டனர். மறைபொருளை அந்நியனுக்கு வெளியிட்டதனால் தெய்வங்கள் சினந்தன என்று குறிகாரர் கூறினர். அதன்பின் பலர் வாய்மூடினர். ரிவர்ஸுக்கு ஊற்றுக்கள் வற்றின. இதனை அவர் மறைக்கவில்லை; தம் நூலின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். அதற்காக அவரைப் பாராட்டுகிறோம். ஆனால் அவர் கப்பலேறிக் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். புகழும் பதவியும் பெற்றார். சொன்னவர்கள் மலைமேலேயே இருந்தனர். தம்மவர் முகத்தில் விழித்தே வாழவேண்டியிருந்தது. தெய்வம் சினந்ததா என்னும் விவாதத்தில் யாம் புகவில்லை. சொன்னவர் விலை கொடுத்தார் என்பது மட்டும் உறுதி. ஒரு நூலைப் படிக்கும்போது இவ்விலையையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

'தோடர்கள்' என்னும் அந்நூல் 1906-இல் வெளிவந்தது. 700 பக்கங்களுக்கு மேற்பட்டது. இறுதியில் எழுபதுக்கு மேற்பட்ட வமிசாவளி அட்டவணைகள் உண்டு. அதில் ஒரு சிறப்பு: ஒரு தோதவர் பெயர் வருமிடமெல்லாம் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அவ்வெண்ணைக் கொண்டு அட்டவணையிற் பார்த்தால் அவர் யார் மகன், எக்கூட்டத்தார், எங்கே பெண்கொண்டார் என்பது தெரியும். 'இம்மக்கள் இவ்வாறு சொல்லுகின்றனர்' என்று பொதுப்பட எழுதிப் போவது அக்காலத்து நடை. ரிவர்ஸ் நூலிலோ இன்னார் சொன்னார், இன்னார் செய்தார், இன்னாரோடு இன்னார் வழக்காடினார் என்று வருகிறது. நூறாண்டு கடந்த பின்னும் ஒரு தோதவர் அந்நூலைத் திறந்து தம் பாட்டனைப் பெயரோடு காணலாம். நம் குலத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் நம்முள் எவரேனும் தம் பாட்டனைக் கண்டதுண்டா?

அந்நூலின் மிகவும் வலியற்ற பகுதி, தோதவர் எங்கிருந்து வந்தனர் என்று ஆராயும் பகுதியே என்பது எம் கருத்து. மலையாள நாட்டிலிருந்து வந்திருக்கலாம் என்று ஊகிக்கிறார், தக்க சான்றில்லை. பூர்விகம் தேடும் ஆசை அறிஞரையும் விடுவதில்லை. நம் பத்திரிகையின் பழைய இதழ்களிலும் பூர்விகக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. அதனைப் பற்றி இங்கே விரித்துப் பேசினால் மேடையிலுள்ள பெரியோர் சிலர் வருந்துவர்.

ஆனால் ரிவர்ஸின் உண்மையான குறை வேறிடத்தில் உளது. அதனைக் கண்டவர் எமனோ என்னும் மொழிநூலறிஞர். கனடா தேசத்திற் பிறந்த இவர் 1935 முதல் 1938 வரை இந்நாட்டில் தங்கி, தோதவர் மொழியையே கற்று, அவர்தம் பாட்டுக்களை அவர்கள் வாயிலிருந்தே எழுதிக்கொண்டவர். பிற்காலத்தில் பர்ரோவுடன் சேர்ந்து 1961-இல் திராவிடச் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டவரும் இவரே. இவர் 1937-இல் எழுதிய கட்டுரையில் ஓர் உண்மையை வெளியிட்டார். தோதவர்க்குத் தந்தைவழிக் கூட்டங்கள் உள்ளன. எருமையும் நிலமும் பால்மனையும் அவ்வழியே செல்லும். இவற்றை ரிவர்ஸ் நன்கு எழுதினார். அவற்றோடு தாய்வழிக் கூட்டங்களும் அவர்க்கு உண்டு. ஒருவர் தந்தையின் கூட்டத்திலும் மணக்கலாகாது, தாய்வழிக் கூட்டத்திலும் மணக்கலாகாது. இழவுச் சடங்குகளிலும் தாய்வழியார்க்கென்று உரிமைப் பணிகள் உண்டு. இத்தாய்வழிக் கூட்டம் முழுவதும் ரிவர்ஸ் கண்ணுக்குத் தப்பிப்போயிற்று.

எவ்வாறு தப்பிற்று? மணத்துக்கு விலக்கானோரைக் குறிக்கும் தோதவச் சொல் அவர் ஏட்டிலேயே இருக்கிறது. தாய்மார் பெயர்களும் அவர் அட்டவணைகளிலேயே இருக்கின்றன. கையிற் கனியிருந்தும் அதன் சுவை தெரியவில்லை. அவருக்கு விடை சொன்னோர் பெரும்பாலும் ஆடவர். அட்டவணைகளை அவர் அடுக்கியது தந்தைவழிக் கூட்டத்தின்படி. ஒரு மக்கட்கூட்டம் தந்தைவழியைக் கொண்டால் தாய்வழியைக் கொள்ளாது என்பது அக்காலத்து நூலோர் எண்ணம். இம்மூன்றும் சேர்ந்து மறைத்தன என்று யாம் கருதுகிறோம். மொழியறியாமை நான்காவதாகச் சேரும். மெய்யாகவே அரிய உழைப்பாளி, பெயருக்குப் பெயர் சரிபார்த்தவர். அவர்க்கே மக்களில் ஒவ்வொருவரும் சார்ந்திருந்த ஒரு பாதி உறவு தெரியாமற் போயிற்று என்றால், குதிரைமேலிருந்தபடியே கேட்டு எழுதிச் சென்றோர் நம்மைப் பற்றி எழுதியதை எத்துணை எச்சரிக்கையோடு படிக்கவேண்டும் என்பதை நீங்களே அளந்துகொள்ளலாம்.

ரிவர்ஸ் தமிழ் மக்களுக்கும் உரிய ஒரு பொருளை ஆராய்ந்தார் என்பதையும் சொல்லவேண்டும். மாமன் என்னும் சொல் தாயின் உடன்பிறந்தானையும் குறிக்கும். பெண் கொடுத்தவனையும் குறிக்கும். மருமகன் என்பது சகோதரியின் மகனையும் குறிக்கும். மகளின் கணவனையும் குறிக்கும். தோதவர் மாமன் மகனையும் அத்தை மகனையும் அழைக்கும் சொல் நம் மச்சுனன் என்னும் சொல்லோடு ஒலியிலும் பொருளிலும் ஒட்டியது. இச்சொற்கள் இவ்வாறு இரட்டைப் பொருளுடையனவாவதற்குக் காரணம் மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் முறைமையே என்று 1907-இல் இந்திய மணமுறையைப் பற்றிய கட்டுரையிலும், 1914-இல் வெளியிட்ட சொற்பொழிவு நூலிலும் வாதித்தார். உறவுச் சொல் வெறும் பாஷையின் போக்கு, அதைக் கொண்டு வழக்கத்தைத் துணியலாகாது என்று அமெரிக்காவில் க்ரோபர் என்பார் 1909-இல் எழுதினார். வாதம் நெடுங்காலம் நடந்தது. பின்னாளில் பிரெஞ்சு தேசத்து லூயி துய்மோன், மதுரைச் சீமையில் 1949, 1950-ஆம் ஆண்டுகளில் தங்கி ஆராய்ந்தபின், 1953-இல் அதே பொருளைப் புதுவழியில் விளக்கினார். முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று நாம் வீட்டுத் திண்ணையில் பேசுவது மேல்நாட்டு அறிஞர்க்கு ஐம்பதாண்டு வாதமாயிருந்தது என்பது வேடிக்கையன்றோ.

அவருடைய பிற்கால வாழ்வைச் சுருக்கிச் சொல்லுகிறோம். 1908-இல் ஹோகார்ட் என்பாரோடு சாலமன் தீவுகளுக்குச் சென்று ஓரிடத்திலேயே தங்கி ஆராய்ந்தார். அப்பயணத்திலேயே மிஷன் கப்பலில் தீவுதோறும் சென்று, கப்பற்றட்டில் அமர்ந்து பலரைக் கேட்டு எழுதியதும் உண்டு. பாங்க்ஸ் தீவினரான ஜான் பந்துதுன் என்பார் அவருக்கு உறவுமுறைகளை எடுத்துச் சொன்னவருள் முதன்மையானவர். ஓரிடத்திற் பலநாள் தங்கிக் கேட்டதற்கும், கப்பலில் ஒருவரை ஒரு நாள் கேட்டதற்கும் வேற்றுமை பெரிது. 1914-இல் இரு தொகுதிகளாக வெளிவந்த மெலனீசிய நூலில் கப்பலிற் கேட்டவையும், பழங்காலத்து மக்கள் அலையலையாகக் குடியேறிய கதை என்று அவர் ஊகித்தவையுமே மிகுதி. இன்று அவ்வூகங்களைப் படிப்போர் அரியர். தோதவர் நூலையோ அம்மலையைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் எடுத்து நோக்குகின்றனர். அந்தோணி வாக்கர் என்பார் 1986-இல் தோதவரைப் பற்றிப் புதுநோக்காக எழுதிய நூலும் ரிவர்ஸை வைத்தே தொடங்கவேண்டியதாயிற்று.

முதல் உலகப்போரில் மனம் கலங்கிய படைத்தலைவர்க்கு வைத்தியம் செய்தார். ஸ்காட்லாந்து தேசத்துக் கிரெய்க்லாக்கார்ட் என்னும் மருத்துவசாலையில் 1917-இல் கவிஞர் சிக்ஃபிரிட் சசூன் அவரிடம் வந்தார். போரில் கண்டதை மறந்துவிடு, அடக்கிவிடு என்பதே அக்காலத்து வைத்தியர் பலர் கூறிய மருந்து. ரிவர்ஸ் அவர்களைப் பேசச் சொன்னார், தாம் கேட்டார். நலமடைந்தோர் மீண்டும் போர்க்களம் செல்லவேண்டியிருந்தது; அதனை எண்ணி அவர் மனம் வருந்தியதுண்டு. 1922 ஜூன் 4-ஆம் நாள் கேம்பிரிட்ஜில் குடல் பிதுக்க நோயால் திடீரென்று காலமானார். வயது ஐம்பத்தெட்டு. பாராளுமன்றத்துக்குத் தொழிற்கட்சியின் சார்பில் நிற்க அப்போது அவர் இசைந்திருந்தார்.

அவர் விட்டுச்சென்ற கையெழுத்துக் குறிப்புகளிற் பல, ஹேடன் சேர்த்துவைத்த கட்டுக்களோடு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைப் புத்தகசாலையில் உள்ளன. அவர் வரலாற்றை 1978-இல் ரிச்சர்டு ஸ்லோபோடின் நூலாக எழுதினார். அச்சிட்ட நூலை மட்டும் படிப்பவர்க்கு முடிவுகள் தெரியும். குறிப்பேட்டையும் உடன்வைத்துப் படிப்பவர்க்கு அடித்ததும் திருத்தியதும், இன்ன நாள் இன்னார் சொன்னது என்பதும் தெரியும். ஆகையால் குறிப்புத் தாள்களை அழிக்காமல் வைப்பது நூல் அச்சிடுவதற்கு ஒப்பான காரியம். நம் சங்கத்தாரும் நூல் வெளிவந்தபின் தாள்களைக் கடைக்குப் போடாமல் கட்டிவைக்கவேண்டுமென்று இப்பொழுதே கேட்டுக்கொள்கிறோம்.

இனி நம் வேலைக்கு வேண்டிய சில சொல்லி அமைவோம். வீட்டுப் பெரியவர் ஒருவரை மட்டும் கேட்டு எழுதி முடிக்காதீர்கள். அவர் சொன்னதைப் பங்காளி வீட்டிலும் சம்பந்தி வீட்டிலும் கேட்டு ஒப்பிடுங்கள். சொன்னவர் பெயர், ஊர், நாள் ஆகிய மூன்றையும் தாளின் அடியில் எழுதுங்கள். கலியாணப் பத்திரிகைகளும், மொய் எழுதிய பழைய ஏடுகளும், பாகப் பத்திரங்களும் நினைவுக்குத் துணைசெய்யும். மொய் ஏட்டில் தாய்மாமன் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது வரி வரியாகக் கிடக்கும். தத்து, மறுமணம், குலத்துக்கு வெளியே செய்த மணம் இவை வருமிடத்தில் சம்பந்தப்பட்டோர் இசைவின்றி அச்சுக்குக் கொடுக்கலாகாது. இசைந்தால் மறைக்கவும் வேண்டுவதில்லை. அரசர் பெயரில் தொடங்கி நம்மில் வந்து முடியும் வரிசைகளை யாரேனும் கொடுத்தால் தனிக்கட்டாக வைத்துவிடுங்கள். நினைவிலுள்ள முதல் பாட்டனிலிருந்து தொடங்குவோம்.

நம் வீடுகளில் இப்போதுள்ள வமிசாவளிகளை யாம் பத்துப் பன்னிரண்டு பார்த்தோம். அவற்றில் ஆண்மக்கள் பெயர் ஐந்து தலைமுறை வரை ஒழுங்காக நிற்கிறது. பெண்களைப் பற்றி, 'பெண் ஒன்று', 'பெண்கள் மூன்று' என்றிருக்கிறது. வந்த மருமகளுக்குப் பெயரில்லை. அவள் பிறந்தகத்துக்கு ஊருமில்லை. தோதவரின் தாய்வழியைத் தவறவிட்டவர் அயல்நாட்டார், மொழியறியாதவர். நம் தாய்மாரின் பெயரைத் தவறவிட்டவர்க்கு அத்தகைய சமாதானம் ஒன்றும் இல்லை. அப்பெயர்களை அறிந்த மூதாட்டிகள் இன்னும் சிலர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர். தை மாதத்துக்குள் அவர்களைக் கண்டு கேட்டுவிடவேண்டும். சிலர் எண்பது கடந்தவர்கள்.

வாயிலில் நம் இளைஞர்கள் அச்சிட்ட தாள்களை வழங்குவார்கள். முதற்கட்டத்தில் கேட்டிருப்பது உங்கள் தாயாரின் தாயார் பெயரும், அவர் பிறந்த ஊரும். அக்கட்டம் நிரம்பாமல் வரும் தாள்களைத் திருப்பி அனுப்புவதாகக் காரியதரிசியார் எம்மிடம் கூறியிருக்கிறார்.